இடுப்பில் கட்டிய துண்டு: பெரிய வியாழனின் உட்பொருள்

பெரிய வியாழன் மாலைத் திருப்பலியில் மறையுரை முடிந்ததும், பீடத்துக்கு முன்னே வரிசையாகப் போடப்பட்டிருக்கும் நாற்காலிகளில் பன்னிரண்டு பேர் வந்து அமர்கிறார்கள். குருவானவர் தமது மேலாடையைக் கழற்றி வைத்துவிட்டு, இடுப்பில் ஒரு வெள்ளைத் துண்டைக் கட்டிக்கொண்டு, முதலாமவரின் முன் மண்டியிடுகிறார். பீடச் சிறுவன் ஒருவன் செம்பிலிருந்து தண்ணீர் ஊற்ற, இன்னொருவன் பாதத்துக்குக் கீழே பேசினைப் பிடித்துக்கொள்ள, வலது பாதம் மட்டும் நனைகிறது. குருவானவர் அதைத் துடைக்கிறார், பல ஊர்களில் குனிந்து முத்தமும் இடுகிறார், பிறகு அடுத்தவரிடம் நகர்கிறார். வயதான பங்குத்தந்தையாக இருந்தால், நான்காவது ஐந்தாவது ஆளிடம் போகும்போது முழங்கால் எழ மறுப்பதை முன்வரிசையில் இருப்பவர்கள் பார்க்கலாம். நாற்காலியில் இருப்பவர்களோ வீட்டிலேயே சோப்புப் போட்டுத் தேய்த்து, நகம் வெட்டி, ஏற்கெனவே சுத்தமான காலோடுதான் வந்திருப்பார்கள். அதைக் கேலியாகச் சொல்லவில்லை. அழுக்குக் காலைப் பெரியவர் ஒருவர் கையில் கொடுப்பதற்கு நமக்கு எவ்வளவு கூச்சம் இருக்கிறது என்பதை அது காட்டுகிறது. அந்தக் கூச்சத்தில்தான் இந்த நாளின் பொருளும் ஒளிந்திருக்கிறது.

இந்த நாளுக்குக் கிறிஸ்தவ உலகம் வைத்திருக்கும் பெயர்கள் பல. தமிழ்க் கத்தோலிக்கர் பெரிய வியாழன் என்றும் புனித வியாழன் என்றும் சொல்வார்கள். சீர்திருத்தச் சபைகளில் கட்டளை வியாழன் என்ற வழக்கும் உண்டு. ஆங்கிலத்தில் ‘மாண்டி தர்ஸ்டே’ என்று வழங்குவதன் வேர், இலத்தீனில் கட்டளையைக் குறிக்கும் ‘மந்தாத்தும்’ என்ற சொல். சிலுவையில் அறையப்படுவதற்கு முந்தைய அந்த இரவில், கடைசி உணவின்போது, இயேசு தம் சீடருக்கு ‘ஒருவரிலொருவர் அன்பாயிருங்கள்’ என்ற புதிய கட்டளையைக் கொடுத்ததாக யோவான் நற்செய்தியின் 13ஆம் அதிகாரம் சொல்கிறது. உயிர்ப்பு ஞாயிறு நிலவை வைத்துக் கணிக்கப்படுவதால் இந்த வியாழனும் ஆண்டுக்கு ஆண்டு நகரும்; மேற்கத்தியத் திருச்சபைகளின் நாட்காட்டியில் அது மார்ச் 19-க்கும் ஏப்ரல் 22-க்கும் இடையில் எந்த நாளிலும் வரலாம்.

இந்த நாளை ‘நற்கருணை ஏற்படுத்தப்பட்ட நாள்’ என்று மறைக்கல்வி வகுப்பில் சொல்லித்தருவார்கள் (நற்கருணை: திருப்பலியில் இயேசுவின் உடலும் இரத்தமுமாக ஏற்கப்படும் அப்பமும் இரசமும்). அது சரிதான். ஆனால் அன்றைய திருப்பலியின் வாசகங்களைக் கவனித்தால் ஒரு விந்தை தென்படும். அப்பத்தை எடுத்து ‘இது என் உடல்’ என்று சொன்ன நிகழ்ச்சியை மத்தேயு, மாற்கு, லூக்கா ஆகிய மூன்று நற்செய்தியாளர்களும் எழுதியிருக்கிறார்கள். அந்த மூன்றில் ஒன்றையும் அன்று நற்செய்தியாக வாசிப்பதில்லை. வாசிக்கப்படுவது யோவானின் 13ஆம் அதிகாரம். யோவானோ இரா உணவை விரிவாக எழுதிவிட்டு, அப்பமும் கிண்ணமும் பற்றிய அந்தச் சொற்களை ஓரிடத்திலும் சொல்லாமல் விட்டவர். மற்ற மூவர் அப்பத்தை வைத்த இடத்தில் அவர் ஒரு பாத்திரத் தண்ணீரை வைத்திருக்கிறார். நற்கருணையின் பிறந்தநாளன்று நற்கருணையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாத நற்செய்திப் பகுதியை வாசிக்க வேண்டும் என்று வழிபாட்டு மரபு வகுத்திருப்பது, ஒன்றை விளங்கிக்கொள்ள மற்றது வேண்டும் என்பதால்தான் என்று நான் எண்ணுகிறேன்.

அப்பத்தைப் பற்றிய பகுதி பவுலின் மடலிலிருந்து, இரண்டாம் வாசகமாக வருகிறது. கொரிந்து நகரத்துச் சபைக்குப் பவுல் எழுதிய முதல் மடலின் 11ஆம் அதிகாரம் அது, கி.பி. 50-களில் எழுதப்பட்டதாகையால், நற்செய்தி நூல்கள் எல்லாவற்றுக்கும் முந்தியது, இரா உணவைப் பற்றி நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய எழுத்துச் சான்று. ஆலயத்தில் வாசிக்கப்படுவது 23 முதல் 26 வரையுள்ள நான்கு வசனங்கள்தாம். அதற்கு முந்தைய வசனங்களைப் புரட்டிப் பார்த்தால் பவுல் கோபத்தில் எழுதிக்கொண்டிருப்பது தெரியும். கொரிந்துக் கிறிஸ்தவர்கள் ஒன்றாகக் கூடி உண்ணும்போது, வசதியானவர்கள் தாங்கள் கொண்டுவந்ததை முந்திக்கொண்டு தின்றுவிடுகிறார்கள். ஒருவர் பசியாய் இருக்க, இன்னொருவர் குடித்து வெறித்திருக்கிறார். இல்லாதவர்கள் வெட்கப்பட்டு நிற்கிறார்கள். அந்தப் பந்தி வஞ்சனையைக் கண்டிக்கும் இடத்தில்தான், ‘ஆண்டவர் காட்டிக்கொடுக்கப்பட்ட அந்த இரவில்’ என்று தொடங்கி, தான் பெற்றுக்கொண்ட மரபைப் பவுல் நினைவூட்டுகிறார். உலகெங்கும் திருப்பலியில் திரும்பத் திரும்ப ஒலிக்கும் அந்தச் சொற்கள் நம் கைக்கு வந்து சேர்ந்ததே, ஒரே பந்தியில் மேல் கீழ் பார்த்தவர்கள் மீது எழுந்த ஒரு முறையீட்டின் வழியாகத்தான்.

இப்போது யோவானுக்கு வருவோம். தூசி நிறைந்த பாதையில் செருப்புக் காலோடு நடந்து வரும் விருந்தாளிக்குக் கால் கழுவத் தண்ணீர் கொடுப்பது பாலஸ்தீன நாட்டில் பழைய வழக்கம். ஆபிரகாம் தன் கூடார வாசலுக்கு வந்த மூவருக்கு அதைத்தான் முதலில் செய்கிறார். பரிசேயன் சீமோன் தமக்கு அதைச் செய்யவில்லை என்று இயேசு ஒருமுறை சுட்டிக்காட்டுகிறார். தண்ணீர் கொடுப்பது விருந்தோம்பல். ஆனால் குனிந்து கழுவிவிடுவது அடிமையின் வேலை. அதிலும் எபிரேய அடிமையிடம் அந்த வேலையை வாங்கக் கூடாது, அது அவனுக்கு இழிவு என்று யூத ரபிகளின் பழைய விளக்கம் ஒன்று சொல்கிறது. ஆக, அன்றைய சமூகப் படிக்கட்டில் கடைசிப் படிக்கும் கீழே இருந்தவனுக்கென்று ஒதுக்கப்பட்ட வேலை அது. பந்தியில் சாய்ந்து படுத்தவாறு உண்பது அக்கால விருந்து வழக்கம். கால்கள் மேசைக்கு எதிர்ப்புறமாக வெளியே நீண்டிருக்கும். எனவே கழுவ வந்தவன் உண்பவர்களின் முதுகுக்குப் பின்னால், அவர்கள் கண்ணில் படாமலே சுற்றி வர முடியும். வேலை செய்பவனின் முகத்தைப் பார்க்கத் தேவையில்லாத ஏற்பாடு.

தமிழில் இதைப் படிக்கும்போது வேறு மொழிகளில் படிப்பவர்களுக்குக் கிடைக்காத ஓர் அதிர்ச்சி நமக்குக் கிடைக்க வேண்டும். 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம், இயேசு பந்தியிலிருந்து எழுந்து, மேலுடையைக் கழற்றி வைத்துவிட்டு, ‘ஒரு துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்’ என்று சொல்கிறது. துண்டு தோளில் கிடந்தால் அதற்கு ஒரு பொருள், இடுப்பில் இறங்கினால் வேறு பொருள் என்பது இந்த நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பண்ணையார் எதிரே வரும்போது தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்ளவோ கக்கத்தில் இடுக்கிக்கொள்ளவோ வேண்டியிருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். சீர்திருத்தச் சபைகளில் வழங்கும் பழைய மொழிபெயர்ப்போ ‘வஸ்திரங்களைக் கழற்றிவைத்து, ஒரு சீலையை எடுத்து, அரையிலே கட்டிக்கொண்டு’ என்று எழுதுகிறது. சீலை என்ற சொல்லுக்கும் நம் மண்ணில் ஒரு வரலாறு உண்டு. தென் திருவிதாங்கூரில், இன்றைய குமரி மாவட்டத்தில், மாராப்புப் போடும் உரிமைக்காக நாடார் பெண்கள், அவர்களில் பெரும்பகுதி புதிதாகக் கிறிஸ்தவம் தழுவியவர்கள், பத்தாண்டுக் கணக்கில் நடத்திய தோள்சீலைப் போராட்டத்தின் முடிவில், 1859-இல்தான் திருவிதாங்கூர் அரசு அவர்கள் மேலாடை அணியலாம் என்று அறிவித்தது. அப்போதும் உயர்சாதிப் பெண்கள் அணியும் முறையில் அணியக் கூடாது என்ற நிபந்தனையோடு.

தோளில் ஒரு சீலை போடுவதற்காக அடிபட்டவர்களுக்கு, சீலையை அரையில் கட்டிக்கொண்ட ஆண்டவரைப் பற்றி எப்படிப் பேசுவது? இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. பெரிய வியாழனன்று ‘தாழ்ச்சி’யைப் பற்றி எத்தனையோ மறையுரைகள் நிகழ்த்தப்படுகின்றன, பெரும்பாலானவை எல்லாருக்கும் பொதுவாக ‘தாழ்ந்து போங்கள்’ என்று சொல்லிவிட்டு முடிந்துவிடுகின்றன. ஏற்கெனவே தாழ்த்தி வைக்கப்பட்டவனிடம் போய்த் தாழ்ச்சியைப் போதிப்பது, அவன் இடுப்பில் இருக்கும் முடிச்சை இன்னும் இறுக்குவதுதான். வாசகம் அப்படிச் சொல்லவில்லை. கழுவி முடித்த பிறகு இயேசு கொடுக்கும் விளக்கத்தில் ஒரு கட்டம் இருக்கிறது: நீங்கள் என்னைப் போதகர் என்றும் ஆண்டவர் என்றும் அழைக்கிறீர்கள், அது சரியே, ஆண்டவரும் போதகருமாகிய நானே உங்கள் கால்களைக் கழுவினால் நீங்களும் ஒருவர் கால்களை ஒருவர் கழுவக் கடமைப்பட்டிருக்கிறீர்கள். தமது உயர்வை அவர் மறுக்கவில்லை. முதலில் அதை உறுதிசெய்துவிட்டு, அந்த உயர்விலிருந்தே குனிகிறார். கட்டளை தோளில் துண்டு போட்டிருப்பவனை நோக்கியது. லூக்கா இன்னும் வெளிப்படையாக இருக்கிறார்: அதே இரவு உணவில், தங்களுக்குள் யார் பெரியவர் என்று சீடர்கள் வாக்குவாதம் செய்துகொண்டிருந்தார்கள் என்று எழுதுகிறார்.

நம் பண்பாட்டில் பாதம் கழுவும் வழக்கம் இல்லாமல் இல்லை. மாப்பிள்ளைக்குப் பெண்ணின் தகப்பனார் கால் கழுவுகிறார், குருவுக்குச் சீடன் பாதபூசை செய்கிறான், துறவிக்கு இல்லறத்தான் செய்கிறான். இவை எல்லாவற்றிலும் தண்ணீர் கீழிருந்து மேல் நோக்கிப் போகிறது: கழுவுபவர் கீழ், கழுவப்படுபவர் மேல். அதனால்தான் கிறிஸ்தவரல்லாத நண்பர்கள் இந்தச் சடங்கைப் பார்த்து, அந்தப் பன்னிரண்டு பேரும் ஏதோ பெரிய மனிதர்கள் போலிருக்கிறது என்று நினைப்பதுண்டு. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பேச்சுத்தமிழில் ‘கால் கழுவுதல்’ என்றால் பெரும்பாலும் வேறொன்றைத்தான் குறிக்கும். குழந்தைக்குக் கால் கழுவிவிடும் தாயைக் கேட்டால் தெரியும். வழிபாட்டில் ‘பாதம் கழுவும் சடங்கு’ என்று மரியாதையாகச் சொல்லிக்கொள்கிறோம். பழைய மொழிபெயர்ப்போ கூசாமல் ‘சீஷருடைய கால்களைக் கழுவவும்’ என்றே எழுதிவிட்டது. அந்த வேலையின் அருவருப்புக்கு இந்தச் சொல்தான் நெருக்கம்.

சீடர்களில் முதல்வரான பேதுருவுக்கு அந்த அருவருப்பு உடனே புரிந்தது. ‘நீரா என் கால்களைக் கழுவுவது?’ என்று காலை இழுத்துக்கொண்டார். பணிவால் மறுத்ததாகத்தான் நாம் நினைக்கிறோம், அவரும் அப்படித்தான் நினைத்திருப்பார். ஆனால் இயேசுவின் மறுமொழி கடுமையாக இருக்கிறது: ‘நான் உன்னைக் கழுவாவிட்டால் என்னிடத்தில் உனக்குப் பங்கில்லை.’ இந்த வாக்கியம் இல்லாவிட்டால் நிகழ்ச்சி முழுவதும் ஒரு நல்லொழுக்கப் பாடமாக முடிந்திருக்கும். பிறருக்குச் சேவை செய் என்ற பாடத்தை மாணவன் மறுத்தால் வாத்தியார் வருத்தப்படலாம். பங்கில்லை என்று உறவையே முறித்துக்கொள்ள மாட்டார். இங்கே முதலில் கேட்கப்படுவது சேவை செய்ய அல்ல, சேவையைப் பெற்றுக்கொள்ள. தலைவர் தலைவராகவே இருக்கட்டும், அப்போதுதான் அவருக்குக் கீழே எனக்கும் ஓர் இடம், எனக்குக் கீழே இன்னும் சிலருக்கு ஓர் இடம் என்று படிவரிசை குலையாமல் இருக்கும். பேதுரு காப்பாற்ற முயன்றது அந்தப் படிவரிசையைத்தான்.

யோவானின் கிரேக்கச் சொற்களைக் கூர்ந்து படிப்பவர்கள் நெடுங்காலமாகச் சுட்டிக்காட்டும் ஒன்று இங்கே பொருந்தும். மேலாடையைக் ‘கழற்றி வைத்தார்’, பிறகு ‘எடுத்துக்கொண்டார்’ என்பதற்கு அவர் பயன்படுத்தும் வினைச்சொற்கள், நல்ல ஆயன் உவமை வரும் 10ஆம் அதிகாரத்தில் இயேசு தம் உயிரைக் ‘கொடுக்கவும்’ அதை மீண்டும் ‘எடுத்துக்கொள்ளவும்’ தமக்கு அதிகாரம் உண்டு என்று சொல்லும் இடத்தில் வரும் அதே வினைச்சொற்கள். ஆடையைக் கழற்றுவதில் மறுநாளின் சாவு முன்னதாகவே நடித்துக் காட்டப்படுகிறது. அப்பத்தைப் பிட்டு ‘இது என் உடல்’ என்று மற்ற மூவர் சொல்வதும் அதைத்தான். தண்ணீரும் அப்பமும் ஒரே பொருளின் இரு அடையாளங்கள் என்று யோவான் கருதியிருக்க வேண்டும். மேலாடையைத் திரும்ப அணிந்ததை எழுதிய அவர், இடுப்பில் கட்டிய துண்டை அவிழ்த்தார் என்று மட்டும் எழுதவில்லை.

இன்னொரு சொல் ஒற்றுமையும் உண்டு. துண்டினால் ‘துடைத்தார்’ என்பதற்கு வரும் வினை, முந்தைய 12ஆம் அதிகாரத்தில், பெத்தானியா ஊர் மரியா விலையுயர்ந்த நறுமணத் தைலத்தை இயேசுவின் பாதங்களில் பூசித் தன் கூந்தலால் துடைத்தபோது வரும் அதே வினை. ஆறு நாட்களுக்குள் நடந்த இரண்டு நிகழ்ச்சிகள். தமக்கு ஒரு பெண் செய்ததை அவர் பன்னிரண்டு ஆண்களுக்குச் செய்தார் என்று படிப்பதற்கு வாசகம் இடம் கொடுக்கிறது. பிற்காலத்துத் திருச்சபை இந்தச் சடங்கில் பெண்களுக்கு இடம் கொடுக்க எவ்வளவு காலம் எடுத்துக்கொண்டது என்பதை நினைத்தால் இது சற்றே வலிக்கும்.

வரலாற்றில் இந்தச் சடங்கு இரண்டு தடங்களில் நடந்திருக்கிறது. நான்காம் நூற்றாண்டில் மிலான் நகரத்து ஆயர் அம்புரோஸ், திருமுழுக்குப் பெற்றவர்களின் பாதங்களைக் கழுவும் வழக்கத்தைக் காத்தவர். உரோமையில் இந்த வழக்கம் இல்லையே என்று கேட்டவர்களுக்கு, எல்லாவற்றிலும் உரோமைத் திருச்சபையைப் பின்பற்றவே விரும்புகிறோம், ஆனால் எங்களுக்கும் மனித அறிவு உண்டு என்ற பொருளில் அவர் கொடுத்த பதில் சுவையானது. அவருக்கு இது வெறும் பணிவுச் செயல் அல்ல, தூய்மையாக்கும் மறைபொருள். ‘பங்கில்லை’ என்ற வாக்கியத்தையே அவர் பிடித்துக்கொண்டார். ஆறாம் நூற்றாண்டில் ஆசீர்வாதப்பர் தம் துறவிகளுக்கு எழுதிய ஒழுங்கு நூலோ மற்றத் தடத்தில் போகிறது. வாரமுறையில் சமையற்கட்டில் வேலை செய்தவர்கள் தங்கள் முறை முடியும் நாளில், அடுத்த வாரத்துக்காரர்களோடு சேர்ந்து எல்லாருடைய பாதங்களையும் கழுவ வேண்டும். விருந்தினர் வந்தால் மடத்துத் தலைவரும் துறவிகள் அனைவரும் அவர்கள் பாதங்களைக் கழுவ வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை என்றில்லை, வாரந்தோறும், அடுப்படி வேலையோடு வேலையாக. எனக்கு இந்த இரண்டாவதுதான் மனதுக்கு நெருக்கம். சட்டி கழுவியவன் கையே காலையும் கழுவுகிறது. ஆனாலும் அம்புரோஸ் சொன்னதை விட்டுவிட்டால் இதுவும் நாளடைவில் வெறும் முறைவேலையாக வற்றிப்போகும்.

பெரிய வியாழனன்று ஆயர்கள் இதைத் தவறாமல் செய்ய வேண்டும் என்று 694-இல் ஸ்பெயினின் தொலேதோ நகரில் கூடிய சங்கம் சட்டமே போட்டது. சட்டம் போட வேண்டியிருந்தது என்றால் எத்தனை பேர் செய்யாமல் விட்டிருப்பார்கள் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். பிறகு அரசர்கள் இதை எடுத்துக்கொண்டார்கள். வியன்னாவின் ஹோஃப்பர்க் அரண்மனையில் பேரரசர் பிரான்ஸ் ஜோசப் ஆண்டுதோறும் பன்னிரண்டு ஏழை முதியவர்களின் பாதங்களைக் கழுவினார். அரசவை முழுவதும் நின்று பார்த்தது. இங்கிலாந்தில் அரசர்கள் கழுவிவந்தது, 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் முற்றாக மறைந்து, காசு கொடுப்பதாக மாறிவிட்டது. இன்றும் அரசரின் வயதுக்குச் சமமான எண்ணிக்கையில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் சிறப்பாக அச்சிடப்பட்ட வெள்ளி நாணயங்கள் வழங்கப்படுகின்றன; 2023-இல் மூன்றாம் சார்லஸ் யோர்க் பேராலயத்தில் 74 ஆண்களுக்கும் 74 பெண்களுக்கும் கொடுத்தார். நாணயம் வழங்கும் சடங்கில் பங்குபெறும் அலுவலர்கள் வெள்ளைத் துணித் துண்டுகளை இன்னும் உடையின் மேல் கட்டிக்கொள்கிறார்கள். தண்ணீர் போய்விட்டது, துண்டு மட்டும் எதற்கென்றே தெரியாமல் மிஞ்சியிருக்கிறது. மறுபுறம், சீர்திருத்த மரபில் வந்த மென்னோனைட்டுகளும் பிரதரன் சபைகளும் ஏழாம் நாள் அட்வெந்து சபையாரும் இதை அரசரிடமோ ஆயரிடமோ விடாமல், சபையினர் ஒருவர் காலை ஒருவர் கழுவும் முறையாக வைத்திருக்கிறார்கள். அட்வெந்து சபைகளில் திருவிருந்துக்கு முன் எளிய பேசின்களோடு இருவர் இருவராக அமர்ந்து இதைச் செய்வது வழக்கம். சொல்லப்பட்ட கட்டளைக்கு இதுவே மிக அருகில் இருக்கிறது.

கத்தோலிக்கத் திருச்சபையில் இந்தச் சடங்கு இன்று நாம் பார்க்கும் வடிவத்துக்கு வந்து நூறாண்டும் ஆகவில்லை. அதுவரை காலையில் நடந்த பெரிய வியாழன் திருப்பலியை மாலைக்கு மாற்றி, பாதம் கழுவுவதைத் திருப்பலிக்குள்ளேயே மறையுரைக்குப் பின் வைக்க இடம் கொடுத்தது 1955 நவம்பரில் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் செய்த புனித வாரச் சீர்திருத்தம். ஆனால் கழுவப்படுபவர்கள் ஆண்களாகவே இருக்க வேண்டும் என்பது விதி. 2013 மார்ச் 28 அன்று, பொறுப்பேற்று இரண்டு வாரமே ஆகியிருந்த திருத்தந்தை பிரான்சிஸ், உரோமையின் காசல் தெல் மார்மோ இளையோர் சிறைக்குப் போய்ப் பன்னிரண்டு பேரின் பாதங்களைக் கழுவியபோது, அவர்களில் இரண்டு இளம்பெண்கள் இருந்தார்கள், முஸ்லிம்களும் இருந்தார்கள். விதி மாறியது 2016 ஜனவரியில்: இறைமக்கள் எவரிடமிருந்தும் தேர்ந்தெடுக்கலாம் என்று. அந்த ஆண்டே உரோமைக்கு அருகிலுள்ள ஓர் அகதிகள் மையத்தில் முஸ்லிம்களுடைய பாதங்களும் ஒரு இந்துவின் பாதங்களும் கழுவப்பட்டன. 2024-இல் ரெபிப்பியா பெண்கள் சிறையில் பன்னிருவரும் பெண்கள். சக்கர நாற்காலியிலிருந்த திருத்தந்தைக்கு எட்டும்படியாக அவர்கள் உயரமான ஒரு மேடையில் அமர்த்தப்பட்டிருந்தார்கள். 2025 ஏப்ரல் 17 அன்று ரெஜினா சேலி சிறைக்கு வந்தவர், இந்த ஆண்டு என்னால் கழுவ முடியவில்லை, ஆனாலும் உங்களோடு இருக்க விரும்பினேன் என்று கைதிகளிடம் சொன்னார். நான்கு நாள் கழித்து இறந்தார்.

நம் ஊர்ப் பங்குகளில் யார் அந்தப் பன்னிருவர் என்பது இன்றும் எளிய கேள்வி அல்ல. அன்பியத்துக்கு, அதாவது பங்கிலுள்ள அக்கம்பக்கத்துக் குடும்பங்களின் சிறு குழுவுக்கு, ஒருவர் என்று பிரித்துக்கொள்ளும் பங்குகள் பல. ஊர் பெரியவர்களுக்கு அது ஒரு மரியாதையாக, முதல் வரிசை நாற்காலியாக மாறிவிடும் இடங்களும் உண்டு. வடக்கன்குளத்துத் திருக்குடும்ப ஆலயத்தில் சாதிகளைப் பிரித்து வைத்திருந்த சுவர் 1910-இல்தான் இடிக்கப்பட்டது. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016-இல் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை, தீண்டாமை திருச்சபைக்குள்ளும் இருக்கிறது என்பதை ஒப்புக்கொண்டது. தனித்தனிக் கல்லறைத் தோட்டங்கள் உள்ள ஊரில், யார் காலை யார் கழுவுகிறார் என்பது வெறும் சடங்குக் கேள்வியாக இருக்க முடியாது. தம் பாதத்தைத் தொட விரும்பாதவர்கள் ஊரில் இருக்க, அவர்களுக்கு முன்னால் தம் பாதம் ஒரு குருவின் கையில் இருப்பதைப் பார்க்கும் தலித் முதியவருக்கு, யோவானின் அதிகாரம் விளக்கவுரையின்றியே புரியும் என்று நினைக்கிறேன்.

கேரளத்து மார்த்தோமா மரபுக் கிறிஸ்தவர்கள் இந்த நாளின் உணவுப் பகுதியை வீட்டுக்குள் வைத்துக் காத்திருப்பதையும் இங்கே குறிப்பிடலாம். அரிசியும் உளுந்தும் அரைத்துப் புளிக்கவிடாமல் வேகவைக்கும் பெசகா அப்பத்தின் மேல், குருத்து ஞாயிறன்று கிடைத்த ஓலையால் சிலுவை செய்து வைக்கிறார்கள். குடும்பத்தின் மூத்தவர் அதைப் பிட்டு, வயது வரிசைப்படி ஒவ்வொருவருக்கும் பாலோடு கொடுக்கிறார். ஓராண்டுக்குள் சாவு நடந்த வீட்டில் அதைச் செய்வதில்லை. அயலார் கொண்டுவந்து கொடுப்பார்கள். எகிப்தில் அடிமைகளாயிருந்த இஸ்ரயேலர் விடுதலையாகிப் புறப்பட்ட இரவில் புளியாத அப்பத்தை உண்டார்கள் என்ற நினைவு அது. விடுதலைப் பயண நூலின் 12ஆம் அதிகாரம் பெரிய வியாழனின் முதல் வாசகமாக வருவதும் அதனால்தான். அந்த இரவில் அவர்கள் எப்படி உண்ண வேண்டும் என்றும் அதில் சொல்லியிருக்கிறது: இடுப்பில் கச்சை கட்டி, காலில் செருப்புத் தொட்டு, கையில் கோல் பிடித்து, விரைவாக. அடிமைகள் விடுதலையாக இடுப்பைக் கட்டினார்கள். அந்த விடுதலையின் நினைவு நாளில் ஒருவர் அடிமையாக இடுப்பைக் கட்டுகிறார். ‘அடிமையின் ரூபமெடுத்து’ என்று பிலிப்பியருக்கு எழுதிய மடலில் பவுல் பாடியது இதைத்தான் போலும்.

கழுவப்பட்ட பன்னிருவரில் யூதாசும் ஒருவர். யோவான் இதில் குழப்பத்துக்கு இடம் வைக்கவில்லை; காட்டிக்கொடுக்கும் எண்ணம் அவன் உள்ளத்தில் ஏற்கெனவே விழுந்துவிட்டது என்று சொல்லிவிட்டுத்தான் தண்ணீர் ஊற்றுவதை எழுதுகிறார். கால் துடைக்கப்பட்ட பிறகே அவன் எழுந்து போகிறான். ‘அப்பொழுது இராக்காலமாயிருந்தது’ என்று ஒரு சிறு வாக்கியம். எகிப்திலிருந்து பெற்ற விடுதலையை யூதர் நினைவுகூரும் பாஸ்கா விழா முழுநிலவை ஒட்டி வருவது. எருசலேமின் மேல் அன்று ஏறக்குறைய முழு நிலா நின்றிருக்கும். ஒலிவ மலைக்குப் போகும் பாதையில் கல்லும் கால்சுவடும் தெரிந்திருக்கும். யோவான் சொன்ன இரவு வானத்தில் இருந்ததாகத் தெரியவில்லை.

திருப்பலி முடிந்ததும் நற்கருணை பவனியாக எடுத்துச் செல்லப்பட்டு வேறொரு பீடத்தில் வைக்கப்படுகிறது. அன்பியங்கள் மணிக்கணக்குப் பிரித்துக்கொண்டு நள்ளிரவு வரை அங்கே விழித்திருக்கின்றன. ‘ஒரு மணி நேரமாவது என்னோடு விழித்திருக்க முடியவில்லையா’ என்று அந்த இரவில் கெத்சமனித் தோட்டத்தில் இயேசு சீடரிடம் கேட்ட கேள்விக்கு அது ஒரு தாமதமான பதில். மணிகள் ஒலிப்பதில்லை, தேவைப்பட்டால் மரக்கட்டையைத் தட்டுவார்கள். பெரிய பீடத்தின் விரிப்புகள் ஒவ்வொன்றாக உருவப்பட்டு, பலகையோ கல்லோ வெறுமையாக நிற்கிறது. ஆடையைக் கழற்றி வைத்ததோடு தொடங்கிய மாலை, பீடத்தின் ஆடையைக் கழற்றுவதோடு முடிகிறது. மறுநாள் பிற்பகலில் படைவீரர்கள் அந்த மேலாடையை நான்காகப் பங்கிட்டு, உள்ளங்கிக்குச் சீட்டுப் போடுவார்கள்.

‘நான் செய்கிறது இன்னதென்று இப்பொழுது நீ அறியாய், இனிமேல் அறிவாய்’ என்று பேதுருவிடம் இயேசு சொன்னது அந்த வியாழன் இரவில்தான். மூன்றாம் நாள் விடியலில் கல்லறைக்குள் முதலில் நுழைந்தவர் அதே பேதுரு. உள்ளே அவர் கண்டதாக யோவான் எழுதுவது துணிகளைத்தான். கிரேக்கத்தில் அவற்றுக்கு வேறு சொற்கள். பழைய தமிழ் மொழிபெயர்ப்பு மட்டும், பந்தியில் அரையில் கட்டியதற்கு வைத்த அதே சொல்லை இங்கும் வைத்திருக்கிறது. சீலைகள் கிடந்தன. தலையில் சுற்றியிருந்த சீலை, மற்றவற்றோடு சேராமல், தனியே ஓரிடத்தில் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது.